கிரியேட்டினின் நார்மல்

முத்துச்செல்விக்குப் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் காய் தரம் பிரிக்கிற வேலை. காலையில் குவியலின் முன் உட்கார்ந்தால் லாரியில் லோடு ஏறும்வரை எழ முடியாது. சர்க்கரை வந்து பல வருஷமாகிவிட்டது. அதற்கான மாத்திரையை அவள் ஒருநாளும் விட்டதில்லை. இடுப்புவலிக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தினமும் ஒன்று போட்டுக்கொள்வாள். அது இல்லாமல் குனிந்து உட்கார அவளால் ஆகாது.

வருஷாவருஷம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பாள். "கிரியேட்டினின் நார்மல்" என்பார்கள். கிட்னிக்குப் பயமில்லை என்று நிம்மதியாகத் திரும்பிவிடுவாள்.

போன ஆனிச் சாரலில் தென்காசிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் நிவேதாவிடம் போனாள். டாக்டர் அவளுடைய மெலிந்த கையைப் பார்த்துவிட்டு, சிஸ்டாட்டின் சி என்று வேறொரு ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். முடிவைக் கேட்கக் கணவன் பாண்டிராஜும் லாரி ஓட்டப் போகாமல் கூட வந்தான்.

"கிரியேட்டினின் சதையிலேர்ந்து வர்றது. உங்க உடம்புல சதை கம்மி, அதான் நார்மல்னே காட்டியிருக்கு. இந்தப் பரிசோதனையில கிட்னி வேலை குறைய ஆரம்பிச்சது தெரியுது."

"வலியே இல்லையே டாக்டர்?"

"வலிக்காதும்மா."

"பழையபடி ஆயிருமா?"

"போனது வராது. மிச்சத்தைக் காப்பாத்தப் பாக்கலாம். உப்பைக் குறைங்க. இடுப்புக்குப் போடுறதாச் சொன்னீங்களே, அந்த வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும், இனி ஒண்ணுகூட வேண்டாம்."

பஸ்ஸில் பாண்டிராஜ், "ஏட்டி, பயப்படாத" என்றான்.

"பயப்படல. இனி எப்படி உக்காருவேன்னு யோசிக்கேன்."

மண்டிக்காரர் இசக்கிமணி அண்ணாச்சி ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். காய்க்குவியல் கைக்கு எட்டவில்லை. மறுபடி தரையில் உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் இடுப்பு விட்டுப்போகும். பாதியில் எழுந்து வந்துவிடுவாள். உப்பில்லாத குழம்பைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

தையில் மறுபடி பார்த்தபோது கிட்னியின் வேலை இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது.

"சொன்னதெல்லாம் செஞ்சேனே டாக்டர்?"

"நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. சிலருக்கு இப்படித்தான்... மெதுவாவாவது குறையுதே..." டாக்டர் புது மாத்திரை எழுதினார்.

பங்குனியில் இடுப்பு தாங்காமல் முத்துச்செல்வி வேலையை விட்டாள். பாண்டிராஜ் ஓய்வில்லாமல் கேரளாவுக்கு லோடு ஓட்டுகிறான். பகலெல்லாம் அவள் வீட்டில் தனியாக இருக்கிறாள். வாசல் குழாயில் தண்ணீர் பிடிக்க வருகிற பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய், "ஒனக்கென்னட்டி, நல்லாத்தானே இருக்க, ஏன் மண்டிக்குப் போவல?" என்று கேட்டாள். முத்துச்செல்வி குடத்தை நகர்த்தி அவளுக்கு வழிவிட்டாள்.