விரல் விடும் பொந்து

அன்று அந்தப் பாதாள அறையில் இருந்தவர்கள்: கைடு. அவனுடைய அக்கா. ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று. மேலே படிக்கட்டு வாசலில், சாவிக்கொத்தோடு காவலாளி. டிரைவரைச் சேர்க்கவில்லை. அவன் வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தான். எந்த நல்லது கெட்டதிலும் அவன் தூங்கிக்கொண்டுதான் இருப்பான்.

இது நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே எழுந்து போகலாம், வருத்தமில்லை. இதன் ஆரம்பம் ஒரு பொய் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பொய்யைச் சொன்னவன் கைடு. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவன் சொல்லி நடக்கவில்லை.

தொழில் காரணமாக அவன் பார்க்காத சாமி இல்லை. செருப்பைக் கழற்றச் சொல்லும் இடம், தலையை மூடச் சொல்லும் இடம், மூடியதை எடுக்கச் சொல்லும் இடம் எல்லாவற்றுக்கும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். எங்கே போனாலும் ஜனம் செய்வது ஒன்றுதான். தொடும். தடவும். முத்தம் கொடுக்கும். சாமி படத்தில் முந்தினவன் வாய் வைத்த கண்ணாடியிலேயே அடுத்தவன் வாய் வைப்பான். கல்லில் செதுக்கிய பாதங்கள் உதடு பட்டுப் பட்டு, குளியலறையில் கிடக்கும் சோப்பு மாதிரி தேய்ந்திருக்கும். மேலே ஒரு பிசுக்கு. மற்றவர்களுக்கு அது அருள். அவனுக்கு அது அழுக்கு. சட்டைப்பையில் எப்போதும் கை துடைக்கும் ஈரத்தாள் பாக்கெட் ஒன்று இருக்கும். முழுமனதாக அவன் நம்பியது அது ஒன்றைத்தான்.

அந்தப் பாதாள அறை அவனுடைய சுற்றில் கடைசி இடம். பாறையைக் குடைந்து இறக்கிய படிகள். கீழே இரும்புக் கதவு. உள்ளே நான்கு மொட்டைச் சுவர்கள். ஏதோ ஒரு காலத்தில் யாரோ எதையோ கும்பிட்டிருக்கிறார்கள். எதை என்று சொல்ல ஆள் மிச்சமில்லை. சிலை கிடையாது, எழுத்து கிடையாது. எதிர்ச்சுவரில், நெஞ்சு உயரத்தில், ஒரு பொந்து. ஒரு விரல் போகும். அவ்வளவுதான். இத்தனை படி இறக்கிக் கூட்டிவந்து இதையா காட்டுகிறாய் என்று ஜனம் முறைக்கும். ஒரு நாள் அப்படி முறைத்தபோது, வாயில் வந்ததை அடித்துவிட்டான்.

“அந்தக் காலத்துல இந்தப் பொந்துல தண்ணி ஊறும். தீராத நோய்க்காரங்க விரலை விட்டு, தொட்டு நாக்குல வச்சுப்பாங்க. நம்பிக்கை இருந்தா இப்பவும் ஊறும்னு சொல்றாங்க.”

சொன்னபோது பொந்து எலும்பாகக் காய்ந்து கிடந்தது. ஒருவர்கூட வெறுங்கையோடு திரும்பத் தயாரில்லை. அத்தனை பேரும் வரிசையில் நின்று விரலை விட்டு, அந்தத் தூசியையே நாக்கில் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் வந்த கூட்டமும் அதையே செய்தது. மற்ற கைடுகள் கதையைப் பிடித்துக்கொண்டு, தங்கள் பங்குக்கு ஒரு ராஜாவையும் அவன் மகளையும் சேர்த்துவிட்டார்கள். கைடுக்குச் சிரிப்பாக இருந்தது. சாமி செய்வது இவ்வளவு சுலபமா என்று நினைத்தான்.

சில மாதங்களில் பொந்து ஈரமாயிற்று.

மழைக்காலம் இல்லை. பக்கத்தில் கிணறு இல்லை, குழாய் இல்லை. பாறைக்குள் எங்கோ கசிகிறது என்று அவன் விட்டுவிட்டான். ஜனம் அப்படி விடவில்லை. கதவு திறக்கும் முன்பே படியில் வரிசை.

அக்காவுக்கு அப்போது தொண்டையில் புண். பால் இறங்காது. எச்சில் விழுங்கினாலே கண்ணில் நீர் வரும். கடைசியாகப் பார்த்த பெரிய டாக்டர், “வீட்ல வச்சுப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் போனார். அம்மா போனபின் அவனுக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள் அவள். அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடக் கூசி, அவன் குளியலறைக்குள் நின்றபடி ரொட்டி தின்ற நாட்கள் உண்டு.

பொந்தைப் பற்றி அவளுக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள்.

“அது நான் அடிச்சுவிட்ட கதைக்கா. சத்தியமா. அங்க ஒண்ணும் கிடையாது.”

“கதை நீ அடிச்சது. தண்ணியும் நீ அடிச்சதா?”

“பாறை கசியுதுக்கா.”

“கசியட்டுமே. பாறையோட சம்பந்தமா பேசப் போறேன்? ஒரு விரல் தொட்டுட்டு வந்துடறேன்.”

தொட்டாள். நக்கினாள். அவன் திரும்பிக்கொண்டான்.

அன்று இரவு ஒரு டம்ளர் பால் முழுதாகக் குடித்தாள். அந்த வாரமே ரொட்டி. பிறகு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது புண் பாதியாகச் சுருங்கியிருந்தது. அதன்பின் அவள் ஒரு சுற்றையும் விடவில்லை. வண்டியில் முன்சீட்டில் அக்கா. “உங்கக்கா அந்தச் சீட்டைப் பட்டா போட்டுக்கிட்டாங்க,” என்றான் டிரைவர். அவள் கன்னம் உப்பியது. தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. பார்த்து அவன் பூரித்திருக்க வேண்டும். ஆனால் அவள் சாப்பிடச் சாப்பிட அவனுக்கு அந்தப் பொந்தின் வாடை வந்தது. தூங்கி எழுந்தவன் வாய் மாதிரி ஒரு வாடை.

வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொல்லி, அவள் மறுபடி படுத்துவிட்டால்?

முதலில் அவள் போன்தான் காட்டிக்கொடுத்தது. விரலை வைத்தால் திறக்கும் போன். திறக்கவில்லை. துடைத்துத் துடைத்து வைத்தாள். திறக்கவில்லை. அவன் அவள் கையை வாங்கிப் பார்த்தான். ஆள்காட்டி விரல் நுனியில் ரேகையே இல்லை. வெளுத்து, ஊறி, சுருங்கிப்போயிருந்தது. குழந்தை சூப்பிய விரல் மாதிரி. மற்ற விரல்களைவிட மெலிந்தும் இருந்தது.

“வயசாகுதுடா,” என்று கையை இழுத்துக்கொண்டாள்.

அந்த வாரத்தில்தான் பல் டாக்டர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். அதே சுற்றில் வந்த கல்யாண ஜோடியில் பெண் முதலில் விரலை விட்டாள்.

“ஐயய்யே... சூடா இருக்கு.”

“எங்கம்மா போடற காப்பியைவிட சூடா?” என்றான் புருஷன்.

“அதைவிடத்தான். அது எப்பவும் ஆறிப்போய்த்தானே வரும்?”

சிரித்துக்கொண்டே நாக்கில் வைத்தாள். அடுத்து பல் டாக்டர். விரலை விட்டு வெளியே இழுத்தார். கூடவே ஒரு இழை வந்தது. நீண்டது. அறுபடவில்லை. இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். நாக்கில் வைக்கவில்லை. பையிலிருந்த மாத்திரை டப்பாவைக் காலி செய்து, விரலில் இருந்ததை அதற்குள் வழித்து மூடினார்.

“தம்பி, துடைக்க ஏதாவது இருக்கா?”

கைடு பாக்கெட்டை நீட்டினான். ஒன்றை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். பாக்கெட் காலியாகும்வரை துடைத்தார்.

“இதை எத்தனை பேர் நக்கியிருப்பாங்க?”

“கணக்கே இல்ல சார்.”

“இனிமே யாரையும் விடாதீங்க.”

“என்ன சார் அது?”

“பாத்துட்டுச் சொல்றேன்.”

அதற்குள் அக்கா சுவரிடம் போய்விட்டாள். விரலை அடி வரைக்கும் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். நின்றாள். ஜோடி படியேறிப் போயாயிற்று. அவள் அசையவில்லை.

“போதும்க்கா.”

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

ச்ப்...

எங்கிருந்து என்று அவனுக்குப் புரியவில்லை.

ச்ப்... ச்ப்...

சுவரிலிருந்து.

அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. கல்லில் சிக்கிய விரல் இப்படி இருக்காது. கல் விடாது, அல்லது விடும். இது விட்டு விட்டுப் பிடித்தது. பல் டாக்டர் அவள் தோளைப் பிடித்தார். இருவருமாக இழுத்தார்கள். சத்தத்தோடு விரல் வெளியே வந்தது.

நகம் இல்லை.

ரத்தமும் இல்லை. நகம் இருந்த இடம் மழமழவென்று இளஞ்சிவப்பாக இருந்தது. அதன்மேல் வழவழவென்று ஏதோ வழிந்தது.

“வலிக்கலடா,” என்றாள் அக்கா. அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்று கதவைப் பூட்டச் சொன்னான். யார் கேட்டாலும் திறக்காதே, என் அக்கா கேட்டாலும் திறக்காதே என்று காவலாளியிடம் சொன்னான். வீட்டில் அவள் விரலுக்குக் கட்டுப் போட்டான். அவள் மறுக்கவில்லை. மறுநாள் அவள் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் வெயில் இறங்கும் நேரம் பல் டாக்டர் போன் செய்தார்.

“லேப்ல என் பழைய மாணவி இருக்கா. ரெண்டு தரம் பாத்துட்டா. அது தண்ணி இல்ல தம்பி. எச்சில்.”



“ஜனங்க விரலை நக்கிட்டு மறுபடி விடறாங்க சார். அதுவா இருக்கும்.”

“நானும் அதைத்தான் சொன்னேன். அப்படின்னா பல பேரோடது கலந்திருக்கணுமே. இது ஒரே ஒரு வாயோடது.”

“மனுஷ வாயா சார்?”

“அதைக் கேக்காதீங்க.” டாக்டரின் மூச்சு கேட்டது. “இன்னொண்ணு சொல்றேன். எச்சில் சும்மா ஊறாது. எதிர்ல சாப்பாடு இருந்தாத்தான் ஊறும்.”

காய்ந்து கிடந்த பொந்து நினைவுக்கு வந்தது. அதற்குள் போன முதல் விரல்... அதன்பின் ஒவ்வொரு விரல்... வேர்வையும் எண்ணெயும் பிசுக்குமாக, வரிசை வரிசையாக... நக்கியது தாங்கள்தான் என்று அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஓடிப்போய் வாஷ்பேசினில் வாந்தியெடுத்தான். வாயைக் கழுவிவிட்டு நிமிர்ந்தான். அக்காவின் செருப்பைக் காணோம்.

காவலாளி படிக்கட்டுக்கு மேலே நின்றுகொண்டிருந்தான். முகத்தில் களை இல்லை.

“நான் திறக்கலண்ணே. சாவி இதோ, இடுப்புலதான் இருக்கு. கீழ சத்தம் கேட்டுப் பாத்தேன், கதவு திறந்து கிடக்கு. அக்கா உள்ள போயிட்டாங்க.”

படி இறங்கினான். இறங்க இறங்க வாடை ஏறியது. படிகள் ஈரமாக இருந்தன. சுவரைத் தொடாமல் இறங்கினான்.

கதவுக்கு உட்பக்கம் அக்கா நின்றாள். ஒரு கை கதவின்மேல். விரலில் கட்டு இல்லை.

“வெளிய வாக்கா. அது தண்ணி இல்ல. எச்சில்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“முதல் நாளே தெரியும்டா. எச்சில் ருசி தெரியாதவங்க உண்டா?”

“தெரிஞ்சுமா நக்கின?”

“நீ பசியோட கிடந்து பாரு.”

“அது உன்னைத் தின்னுதுக்கா.”

“முதல்ல புண்ணைத் தின்னுச்சு. நான் வயிறாரச் சாப்பிட்டேன்.” அவள் குரலில் கோபமில்லை, பயமில்லை. “இப்ப வேண்டாம்னா எப்படி?”

அவளுக்குப் பின்னால் இருட்டு.

ச்ப்...

இந்த முறை பொந்து அளவு சத்தம் இல்லை. அறை அளவு.

அவள் கதவைச் சாத்த ஆரம்பித்தாள். அவன் இடுக்கில் கையை வைத்தான்.

“கையை எடு. விரல் நசுங்கிடும்.”

“எடுக்க மாட்டேன்.”

“எடுடா.”

அந்தக் கதவுக்குப் பூட்டு வெளியே மட்டும்தான். உள்ளே தாழ்ப்பாள் கிடையாது, கைப்பிடிகூடக் கிடையாது. எத்தனையோ தரம் திறந்து சாத்தியவன் அவன். அவள் சாத்தினாலும் ஒரே தள்ளில் திறந்துவிடலாம்.

அந்தத் தைரியத்தில் கையை எடுத்தான்.

கதவு மூடியது.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.