தைப்பூசத்தன்று உருளாத சில்லுகள்

ஆறுமுகம் கொண்ட ஐயனே, அடியேன் செல்லும் வழியெல்லாம் முன்னின்று காத்தருள்வாய்.

அன்று தைப்பூசம். எங்கள் ஊரான மல்வேர்னில் ட்ரக் நிற்கும் இடத்துக்குப் போன காலையில் என் மனம் ஒருநிலையில் இல்லை. பனிப்புயல் தொடங்குமுன் சரக்கோடு மொன்றியல் நகரை அடைந்துவிட வேண்டும். என்னோடு மாறிமாறி ஓட்டும் தம்பி, பூசத்துக்கென்று முதல்நாள் மாலை ட்ரெய்லரைக் கழுவித் திருநீறு பூசி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். இரவிலே கடுங்குளிர்.

காலையில் தம்பி ட்ரக்கில் ஏறி மெல்ல நகர்த்த, நான் பக்கத்தில் நடந்து பார்த்தேன். பின்சில்லுகள் இரண்டு உருளாமல் பனியில் கோடிழுத்தபடி வந்தன.

"நிப்பாட்டும் தம்பி! சில்லு சறுக்குது!"

"சாமிக்கெண்டுதானே அண்ணை கழுவினனான்."

"ஈரத்தோட பிரேக்கைப் போடச் சொன்னதும் முருகனோ?"

அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழுவிய ஈரம் உறைந்து, பிரேக் கட்டைகள் சில்லுகளோடு ஒட்டியிருந்தன. இப்படியே நெடுஞ்சாலையில் ஏறினால், ட்ரெய்லர் வழுக்கிப் பக்கத்துக் கார்களைச் சாய்த்துவிடும். கீழே படுத்துச் சுத்தியலால் தட்டினேன். ஒன்று விட்டது, மற்றது அசையவில்லை. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

"ஓட ஓட இளகும் அண்ணை, வெளிக்கிடுவம்."

எனக்கும் அந்த ஆசை எழாமல் இல்லை. ஆயினும், "உருளாத சில்லோட நான் ஏறமாட்டன்" என்று மறுபடி படுத்தேன்.

அந்த இரண்டாவது பிரேக்கும் விட்டபோது பனி கொட்டத் தொடங்கிவிட்டது. புயல் ஓயும்வரை புறப்படமாட்டோம் என்று கொம்பனிக்கு அறிவித்தோம். கோயிலில் மாலைப் பூசையில் நின்றபோதும், மொன்றியல் போகும் வீதியில் புயலில் அகப்பட்ட மற்றவர்களை எண்ணி என் நெஞ்சு பதைத்தபடியே இருந்தது.

இதை வாசிக்கும் யாவரும், தம் வழிபார்த்திருப்போரிடம், வேலவன் அருளால் நலமே வீடு சேர்வாராக.