இடுப்புக் குழியின் ஆழம்

இருபத்தைந்து பாகை. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து டொக்டர் இராகுலன் முதலில் தேடுவது அதைத்தான். தொடை எலும்பின் தலைக்கு மேல் இடுப்புக் குழியின் கூரை அவ்வளவாவது நீண்டிருக்க வேண்டும். இருபதுக்கும் கீழே போனால் குழி ஆழமில்லை. சிறுதுளைச் சத்திரசிகிச்சையில் குழியின் கிழிந்த விளிம்பைத் தைக்கலாம். கூரையை நீட்ட முடியாது; வலி திரும்பி வரும். கணினி அளந்து சொன்ன பிறகும், சட்டைப்பையிலுள்ள பள்ளிக்கூடப் பாகைமானியால் ஒருமுறை அளப்பார்.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாலைநேரக் கிளினிக். "ஓட்டை ஒப்பரேசன்" கேட்டு வருபவர்களே அதிகம். தழும்பு சிறிது, வேலைக்கும் சீக்கிரம் திரும்பலாம். "அடுத்த கிழமையே பந்தடிக்கலாம் எண்டு ஆர் சொன்னது? முதல்ல எழும்பி நடந்து காட்டும்" என்று அதட்டுவார். படுத்து எடுத்த படத்தில் குறை மறைந்துவிடலாம் என்பதால், நிற்கவைத்து எடுத்த படம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்.

இந்தக் கண்டிப்பு ஒரு வருடப் பழக்கம்தான்.

கிண்ணியாவிலிருந்து வந்த நுஸ்ரத்துக்கு அவர் துளை போட்டது அதற்கும் முந்தைய வருடம். படுத்திருந்த படம், கண்மதிப்பு, அவ்வளவுதான். வலி கூடியது. "பயிற்சி காணாது" என்று சொல்லி அனுப்பினார். பிறகு நிற்கவைத்துப் படமெடுத்து அளந்தார். பதினாறு. அதை நுஸ்ரத்திடம் சொல்லவில்லை. வலிக் குளிசை மட்டும் எழுதிக்கொடுத்தார்.

போன செவ்வாய்க்கிழமை நுஸ்ரத் கணவருடன் வந்தார்.

"இவ பயிற்சி செஞ்சாத்தானே டொக்டர்" என்றார் கணவர் ரிஷாத். "ரெண்டு நாள் காலைத் தூக்குவா. மூணாம் நாள் டீவி."

"அல்லாவுக்காக, செஞ்சன் டொக்டர். இப்ப கதிரையில இருந்துதான் தொழுறன். ஊரே சோம்பேறி எண்டு கதைக்குது."

டொக்டரின் காது சிவந்தது. படத்தை மேசையில் வைத்துவிட்டு ரிஷாத்தின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அவவில ஒரு பிழையும் இல்லை. அந்த ஒப்பரேசன் அவவுக்குச் செய்திருக்கக் கூடாது. நான்தான் செய்தனான். போன வருசமே தெரியும். சொல்ல வெக்கமாக் கிடந்தது."

"அப்ப, இவ்வளவு நாளும் நான் ஏச்சு வாங்கினது?" என்றார் நுஸ்ரத்.

"என்ர பிழைக்கு."

ரிஷாத் மனைவியின் தோளிலிருந்த கைப்பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

அடுத்த மாதம் கண்டியில் நுஸ்ரத்தின் இடுப்பெலும்பை வெட்டி, கூரை தலையை மூடும்படி குழியைத் திருப்பி வைக்கப்போகிறார்கள். செய்வது வேறொரு டொக்டர்.