எச்சில் படாமல் பல் துலக்குதல்

முழங்காலுக்கும் பல் ஈறுக்கும் என்ன சம்பந்தம் என்று முன்பு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், மூட்டு மாற்றித்தான் ஆகவேண்டும் என்று முடிவானபோது, எலும்பு டாக்டர் கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொன்னார். முதலில் பல் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள், வாயில் கிருமி இருந்தால் அது ரத்தத்தோடு போய்ப் புது மூட்டில் உட்கார்ந்துகொள்ளும் என்றார். பல் டாக்டர் பார்த்தாள். ஈறு முழுக்க வீக்கம், தொட்ட இடமெல்லாம் ரத்தம். இது ஆறாமல் ஆபரேஷன் கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் வீடு கொல்கத்தாவில் லேக் கார்டன்ஸில், மூன்றாவது மாடியில். லிப்ட் இல்லாத பழைய கட்டடம். கீழே இறங்குவதே எனக்குப் பெரும் பாடு, ஏறுவது அதைவிட மோசம். அதனால் டாக்டரிடம் போவதைத் தவிர வேறு எதற்கும் நான் இறங்குவதில்லை என்று ஆகிவிட்டது. காய்கறி என் கணவர்தான் வாங்கிவருவார். முற்றின வெண்டைக்காயாகத் தேடிப் பொறுக்கிக்கொண்டு வருவதில் அவருக்கு ஈடு கிடையாது. போன வருடம் துர்கா பூஜைக்குக்கூட நான் இறங்கவில்லை. எங்கள் பால்கனியில் நின்றால் பந்தலின் முதுகுப்புறம்தான் தெரியும், மூங்கிலும் கட்டின துணியும். நாலு நாளும் அதையே பார்த்துக்கொண்டு கொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஈறு ஆறினால் மூட்டு, மூட்டு வந்தால் படி, படி இறங்கினால் தெரு. எனக்கு வேண்டியதெல்லாம் அந்தத் தெருதான்.

பல் டாக்டர் சின்னப் பெண். பற்களைச் சுத்தம் செய்துவிட்டு, இனி சாதாரண பிரஷ் போதாது, கரண்டில் ஓடுகிற பிரஷ் வேண்டும், பல் இடுக்குகளுக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற வாட்டர் ஃபிளாசர் வேண்டும் என்றாள். கொஞ்ச நாள் கழித்து வாருங்கள், ரத்தம் நின்றிருந்தால் நானே எலும்பு டாக்டரிடம் பேசுகிறேன் என்றும் சொன்னாள். வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் என் கணவர் இரண்டையும் போனில் ஆர்டர் போட்டுவிட்டார்.

அவர் கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்கச் சரக்குக் கப்பல் காகிதங்களைப் படித்துப் படித்து, எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் கடைசி வரிவரை படிக்காமல் விடமாட்டார். இரண்டு பெட்டிகளிலும் இருந்த விளக்கப் புத்தகங்களைக் காலை டிபனின்போது எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். இட்லி தொண்டையில் இறங்கவில்லை.

முதல் சண்டை பிளக்கில் வந்தது. இந்த ஊர்ப் பழைய வீடுகள் பலவற்றில் இருப்பதுபோல எங்கள் வாஷ் பேசினும் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்திலேயே, எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கிறது. அந்தப் பக்கம் இரண்டே பிளக்குகள். ஒன்றில் ஃபிரிட்ஜ் ஓடுகிறது. இன்னொன்று பூஜை அலமாரிக்கு அடியில் இருக்கிறது. வாய்க்குள் போகிற சாமானை முருகன் காலடியில் வைத்துச் சார்ஜ் ஏற்ற நான் ஒப்புக்கொள்ளவில்லை. சரி என்று அவர் ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு பிரஷைச் செருகினார். செருகியவர் அப்படியே மறந்துவிட்டு லேக்கைச் சுற்றி நடக்கப் போய்விட்டார். கொல்கத்தா வெயிலில் இட்லி மாவு சும்மா இருக்குமா? பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, தட்டுத் தட்டாக வழிந்து கீழே காய்கறிப் பெட்டிவரை போயிருந்தது. குனிந்து துடைக்க என்னால் முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து அவர் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்ததும் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அந்த பிரஷ் இருக்கிறதே, அதை வாய்க்குள் வைத்த பிறகுதான் முடுக்கவேண்டுமாம். எனக்கு அது தெரியாது. கையில் பிடித்தபடியே முடுக்கினேன். பேஸ்ட் பூராவும் பறந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் கண்ணாடியில் போய் விழுந்தது.

"வாய்க்குள்ள வெச்ச பொறகுதான் ஸ்விட்ச் போடணும். புஸ்தகத்துல தெளிவா போட்டிருக்கு" என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"அந்தப் புஸ்தகத்தையே வாயில போட்டுத் தேச்சுக்கிறேன், போங்க."

அழுத்தித் தேய்த்தால் அதில் சிவப்பு விளக்கு வேறு எரியும். பிறந்ததிலிருந்து அழுத்தித்தான் தேய்த்திருக்கிறேன். ஒரு பிரஷிடம் திட்டு வாங்குகிற நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று எரிச்சலாக இருந்தது. ஆனாலும் அதை ஒரு வழியாகப் பழகிக்கொண்டேன். தண்ணீர் பீய்ச்சுகிற அந்தச் சனியன்தான் என்னைப் படுத்தி எடுத்தது.

பேசின் முன்னால் ரொம்ப நேரம் நிற்க முடியாது என்பதால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். கணவரை அந்தப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் வாய் கொப்பளிப்பதை அவர் பார்த்ததில்லை. அவர் எழுந்திருப்பதற்கு முன்பே என் பல் துலக்கல் முடிந்திருக்கும். இப்போது வயதான காலத்தில் அதை வேடிக்கை பார்க்க வைக்கவேண்டுமா? அவர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் மெஷினின் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வாயைத் திறந்து, பொத்தானை அமுக்குவேன். அதன் பிறகு அங்கே நடப்பது பல் துலக்கல் இல்லை, வெள்ளம். கண்ணாடி, சுவர், காலண்டர், என் புடவை, மேஜைமேல் மூடி வைத்த சாதம், எதுவும் தப்பாது. பாதி நாள் புரை ஏறி இருமல். ஒரு நாள் வேலைக்கு வருகிற மாஷி துடைப்பத்தோடு நின்று சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பைப் ஃபேட்டே கேச்சே நாகி?" என்று கேட்டாள். குழாய் வெடித்துவிட்டதா என்று. ஆமாம், வெடித்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

மெஷினில்தான் கோளாறு என்று என் கணவர் தீர்மானித்தார். வேகத்தைக் குறைத்து வைத்தார். குறைந்த வேகத்திலும் காலண்டர் நனைந்தது. கம்பெனிக்குப் போன் போட்டு, அவருடைய துறைமுக ஹிந்தியில் மணிக்கணக்கில் வாதாடி, வேறு மெஷினே வரவழைத்தார். புதியதும் அப்படியேதான் பீய்ச்சியது. தினமும் காலையில் அவர் முட்டி போட்டுத் தரையைத் துடைப்பார். முட்டி போட முடிகிறதே இந்த மனுஷனுக்கு என்று எனக்கு அதிலும் ஒரு ஆத்திரம்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், ரத்தம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை. டாக்டர் சொன்ன நாள் வந்தது. கைப்பிடியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினேன். டாக்டர் பெண் ஒரு சின்னக் கம்பியால் ஈறு ஓரமாகத் தொட்டுக்கொண்டே போனாள். பஞ்சு சிவந்துகொண்டே வந்தது.

"மாஷிமா, எகோனோ ரொக்தோ போட்ச்சே" என்றாள் வருத்தமாக. இன்னும் ரத்தம் வருகிறதே பெரியம்மா என்று. பல் இடுக்கில் அழுக்கு அப்படியே இருக்கிறதே, ஃபிளாசரை உபயோகிக்கவே இல்லையா என்று கேட்டாள்.

எனக்கு வாய்விட்டு அழலாம்போல இருந்தது. என் வீட்டுச் சுவரை வந்து பார் என்று கத்தலாம்போலவும் இருந்தது. புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன்.

மறுநாள் காலை அவர் பால்கனிக்குப் போகவில்லை. மேஜையிலேயே உட்கார்ந்துகொண்டார். "நீ எப்படிப் பண்றேன்னு இன்னைக்கு நான் பாக்கணும்" என்றார். முடியாது என்றேன். அவர் அசையவில்லை. ஆத்திரத்தோடு தண்ணீரை நிரப்பினேன். தலையை அண்ணாந்து, வாயை அகலத் திறந்து, குழலின் மூக்கு உதட்டிலோ பல்லிலோ பட்டுவிடாதபடி உயரத் தூக்கிப் பிடித்து, பொத்தானை அமுக்கினேன்.

அவர் எழுந்து வந்து மெஷினை அணைத்தார்.

"என்ன பண்றே நீ? தண்ணி குடிக்கிறியா?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் டம்ளரை வாயில் வைத்ததில்லை. தூக்கித்தான் குடிப்பேன். செம்போ, பாட்டிலோ, காபியோ, எல்லாம் அப்படித்தான். இந்த ஊர் டீயைக்கூட மண் குவளையில் கொடுத்தால் மட்டும்தான் உதட்டில் வைத்துக் குடிப்பேன். குடித்ததும் அதை உடைத்துப் போட்டுவிடுவார்கள், எச்சில் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. வாயை நோக்கித் தண்ணீர் வந்தால் என் தலை தானாக அண்ணாந்துவிடும், உதடு தானாக விலகிவிடும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அதை வாய்க்குள்ள விட்டு, பல்லுல ஒட்டினாப்ல வெச்சு, உதட்டை மூடிக்கணும். குனிஞ்சுக்கணும். தண்ணி தானா வழியும். அன்னைக்கே படிச்சுக் காட்டினேனே."

"உதட்டை வெச்சு மூடினா எச்சிலாயிடாதா?"

"பல்லு வெளக்குற சாமான் எச்சிலாகாம என்ன செய்யும்?"

"பிரஷை நான் கழுவி வெச்சிடுறேன். இது அப்படியா? எச்சில் அந்தக் குழாய் வழியா திரும்பித் தொட்டிக்குள்ள போகும். தொட்டிக்கு நான் சமையல்கட்டு ஜக்குலேர்ந்து ஊத்துறேன். அப்புறம் நீங்களும் அதையே எடுத்து ஆசையா பீய்ச்சிப் பாக்குறீங்க."

"நான் இனிமே தொடலை. ஜக்கும் வேற வாங்கித் தரேன். போதுமா?"

போதவில்லை. இதில் அவருக்குப் புரியும்படி சொல்ல ஒன்றும் இல்லை. என் உதடு அதன்மேல் மூடாது, அவ்வளவுதான். மூடப் பார்த்தேன், குமட்டியது. மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு, எனக்கு இது வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அவர் தரைத்துணியை எடுத்தவர், குனியாமல் அப்படியே நின்றார். குரல் உயரவில்லை.

"உனக்கு ஆபரேஷன் வேண்டாம்னா சொல்லிடு. பயமா இருக்குன்னா சொல்லிடு. ஏன்னு நான் கேக்க மாட்டேன். தெனமும் சுவத்தைத் தொடைக்க வெக்காதே."

எனக்குச் சுரீரென்றது. பயமா? எனக்கா? இந்த மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, அவர் வாங்கிவருகிற வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து, பந்தலின் முதுகைப் பார்த்து, கீழே யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பால்கனிக் கம்பி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, டாக்டர் என் இரண்டு காலையும் வெட்டிப்போட்டாலும் எனக்குச் சம்மதம். இவ்வளவு நாள் கூடவே இருக்கிற மனுஷனுக்கு அது தெரியவில்லையே. ஆனால் இப்படி உட்கார்ந்து தண்ணீரை மேலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தால் வேறு என்னதான் நினைப்பார்?

"வெளியில போங்க" என்றேன்.

அவர் போனார். நான் நாற்காலியைப் பேசினோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன். குனிந்தேன். குழலை வாய்க்குள் விட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதட்டை மூடினேன். வேறு யாருடைய விரலையோ வாயில் வைத்துக்கொண்டதுபோல இருந்தது. பொத்தானை அமுக்கினேன். தண்ணீர் பல்லில் மோதி, கன்னம் நிறைந்து, மூக்கு வழியாகவும் வந்தது. எச்சிலும் ரத்தமுமாகப் பேசினில் வழிந்தது. அருவருப்பில் உடம்பு குலுங்கியது. தொட்டி காலியாகும்வரை உதட்டைத் திறக்கவில்லை. முடிந்து நிமிர்ந்தபோது சுவர் காய்ந்தபடியே இருந்தது.

பழகிவிட்டது என்று சொன்னால் பொய். கடைசிவரை பழகவே இல்லை. தினமும் காலையில் அதை வாயில் வைக்கும்போது குமட்டும், தினமும் வைத்தேன். முதலில் ரத்தம் கூடியது, அப்புறம் பேசினில் விழும் தண்ணீர் வெளுத்தது. ஈறு இறுகியது. என் கணவர் தரைத்துணியை மடித்துப் பேசினுக்கு அடியில் வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் இருந்தார். நான் ஒரு நாளும் அவரிடம் நன்றாகப் பேசவில்லை.

அடுத்த முறை டாக்டர் பெண் கம்பியால் தொட்டுக்கொண்டே போனாள், பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அவள் எங்கள் எதிரிலேயே எலும்பு டாக்டருக்குப் போன் போட்டாள். பூஜைக்கு முன்பே ஒரு தேதி கிடைத்தது.

திரும்பி வந்து மாடி ஏறினோம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் என்னால் முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது. அன்று முழுக்க அவர் முகத்தில் சிரிப்புதான்.

"காலு சரியானதும் மொதல்ல எங்க போலாம், சொல்லு" என்றார்.

"கீழ எறங்கிப் போவேன்."

"அதான், எங்க?"

"தெரியாது. நான் மட்டும் போவேன். நீங்க கூட வரக் கூடாது."

சிரிப்பு போய்விட்டது. சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அது உண்மையாகவே இருந்தது.

"சரி" என்றார். அப்புறம் எழுந்து நின்று, மிச்சப் படிகளை ஏற என் பக்கம் கையை நீட்டினார்.