புருஷனுக்கு ஓர் ஊர், பெண்டாட்டிக்கு ஓர் ஊர்

திண்டிவனத்தில் வீடற்ற ஆண்களுக்கான காப்பகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பெண்களுக்கான காப்பகம் விழுப்புரத்தில். இரண்டுக்கும் பொதுவாக ஒரு வேன், ஒரு நர்ஸ். கூட்டம் போட்டுப் பேசி இப்படிப் பிரித்துக்கொண்டபோது நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. புருஷன் பெண்டாட்டியாக வருகிறவர்களைப் பற்றி அன்றைக்கு யாருமே யோசிக்கவில்லை. நானும்தான்.

விக்கிரவாண்டியில், மூடிக்கிடந்த ஒரு டீக்கடையின் கூரைக்கடியில் வயதான ஒரு புருஷன் பெண்டாட்டி இருந்தார்கள். வேலை செய்த செங்கல் சூளையை மூடியதும் தங்க இடம் போய்விட்டது. பெரியவருக்குப் பார்வை இல்லை. அந்தம்மாவுக்குக் காலில் ஆறாத புண். வேனில் ஏற்றி, அந்தம்மாவை விழுப்புரத்தில் இறக்கினோம். பெரியவரைத் திண்டிவனத்துக்கு அழைத்துவந்தேன்.

தினமும் சாயங்காலம் என் போனில் பேசவைப்பேன்.

“சாப்ட்டியா?”

“நீ சாப்ட்டியா?”

அவ்வளவுதான். பெரியவர் போனை என்னிடம் நீட்டிவிடுவார்.

நான்காம் நாள் காலையில் பெரியவரைக் காணோம். பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி எல்லாம் தேடி அலுத்து உட்கார்ந்தபோது விழுப்புரம் வார்டன் அம்மா கூப்பிட்டார்கள்.

“சார், அவரு இங்கதான் கேட்டாண்ட குந்திக்கினு கீறாரு. யாரோ கையப் புடிச்சி பஸ் ஏத்தி வுட்டுருக்காங்க. உள்ள வுட்டா என்னைத்தான் கேப்பாங்க. வெளியில வுடவும் மனசு வரல.”

போனேன். பெரியவர் என் குரல் கேட்டதும் எழுந்து நின்றார்.

“கோச்சுக்காதீங்க சார். அவளுக்கு நான்தான் மருந்து போடுவேன். புண்ணு எங்க கீதுன்னு தடவிப் பாத்தே சொல்லுவேன்.”

எனக்குக் கோபம் வரவில்லை. உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. இரண்டு ஊர் அதிகாரிகளுக்கும் மாறி மாறி போன் செய்தேன். அவரைக் கேளுங்கள் என்றார் இவர். இவரைக் கேளுங்கள் என்றார் அவர். மத்தியானம் தாண்டியதும் வார்டன் அம்மாவே எழுந்தார்கள். கேட்டை ஒட்டித் தனி வாசலோடு ஒரு ஸ்டோர் ரூம் இருந்தது. அரிசி மூட்டைகளை நாங்கள் இரண்டு பேருமே இழுத்து வெளியே போட்டோம். இருவரும் அங்கே சேர்ந்து தங்க அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினேன். ‘தற்காலிகமாக’ என்று பதில் வந்தது.

அந்தம்மாவின் புண் ஆறிவிட்டது. இப்போது சமையலறையில் காய் நறுக்குகிறார்கள். போன வாரம் மயிலத்திலிருந்து இன்னொரு வயதான தம்பதியை அழைத்துவந்திருக்கிறோம். புதிதாக வந்த அந்தம்மா விழுப்புரத்தில் இருக்கிறார்கள்; அவர் புருஷன் என் காப்பகத்தில், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். நான் மறுபடி கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.