இளையபெருமாளின் காற்று வண்டி

குடவாசலில் டயர் கடை இளையபெருமாளைத் தெரியாதவர் யார்? இருபது வயதில் கைப்பம்பும் பஞ்சர் பசையுமாகக் கடைத்தெருவில் உட்கார்ந்த மனுஷன். சைக்கிள், டிராக்டர், நெல் லாரி என்று ஊரில் உருளுகிற எல்லாவற்றுக்கும் அவர் கையால் காற்று ஏறியிருக்கிறது. நல்லவர்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

போன வருஷம் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். பெட்ரோல் இல்லை, புகை இல்லை, அழுத்தி அடைத்த காற்றிலேயே ஓடுகிற கார். "அட, இது நம்ம சரக்குல்ல!" என்று தொடையைத் தட்டினார். ஓட்டை உடைசல் கார் ஒன்றை வாங்கிப் பிரித்துப் போட்டு, பின்பக்கம் கனத்த சிலிண்டர்களைப் பொருத்தி, மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். சும்மா சொல்லக்கூடாது, ஓடத்தான் ஓடியது! புகைக்குழாயிலிருந்து சில்லென்று காற்று வந்தது. கத்திரி வெயிலில் ஜனங்கள் முறைபோட்டு அதில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

உள்ளூர் யூடியூப்காரன் மைக்கை நீட்டினான். கேட்க வேண்டுமா!

"காத்துக்கு எவனாச்சும் காசு கேப்பானா? செலவே கெடையாதுங்க. பெட்ரோல் பங்கையெல்லாம் மூடிட்டு மாட்டுக்கொட்டா போட்டுக்கலாம். ஞாயித்துக்கெழமை வாங்க, கோயில் குளம் வரைக்கும் ஓட்டிக் காட்டுறேன்."

காற்றுக்குக் காசு இல்லைதான். அதை அடைக்கிற கம்ப்ரசருக்கு? அந்த ராட்சசன் மூணு பேஸ் மின்சாரம் இல்லாமல் அசையாது, கடையில் அது கிடையாது. ஆகவே கம்ப்ரசரைத் தங்கை ஞானாம்பாளின் வயலில், போர் மோட்டார் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்திருந்தார். அங்கே விவசாயத்துக்கென்று அரசு தருகிற இலவச மின்சாரம். 'செலவே கெடையாது' என்ற வீராப்புக்குள் இருந்த சங்கதி இவ்வளவுதான். மோட்டாரையும் கம்ப்ரசரையும் சேர்த்துப் போட்டால் பீஸ் போய்விடும். ஒன்று ஓடினால் மற்றொன்று நிற்க வேண்டும்.

ஞானாம்பாள் புருஷனை இழந்தவள். குத்தகை நிலத்தில் குறுவைக்கு நாற்று விட்டிருந்தாள். முளை அப்போதுதான் பச்சை காட்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துச் சீர்காழியில் நாத்தனார் வீட்டில் ஒரு சாவு.

"காரியம் முடிச்சுட்டு ஞாயித்துக்கெழமை வந்துடுறேண்ணே. நாத்தங்காலுக்குத் தண்ணி விட்டுட்டு அப்புறமா உன் காத்தைப் புடிச்சுக்க."

"இதைச் சொல்லணுமா ஞானம்? நீ போ, நான் பாத்துக்குறேன்."

அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் சிலிண்டரை நிரப்பினால் வால்வு ஒழுகியது. ஒழுக்கை அடைத்து மறுபடி நிரப்பினால் வேறொரு மூட்டு பிய்த்துக்கொண்டது. கம்ப்ரசர் தொட முடியாமல் கொதித்தது. இழுக்கிற மின்சாரத்தில் பெரும்பங்கு அந்தச் சூட்டிலேயே போகிறது என்பது அவருக்கே தெரிந்தது. மின்சாரம் வருவது சில மணி நேரம்தான். 'இன்னிக்கு இது முடியட்டும், நாளைக்குத் தண்ணி விட்டுக்கலாம்' என்று நினைத்தார். மறுநாளும் அப்படியே நினைத்தார். அதற்கு அடுத்த நாள் நாற்றங்கால் பக்கம் திரும்பவே இல்லை. பார்த்தால் மோட்டாரைப் போட வேண்டிவருமே!

ஞாயிற்றுக்கிழமை ஊரே திரண்டது. வண்டிக்குப் பூசணிக்காய் உடைத்து, சந்தனம் வைத்து, கொட்டகை வாசலிலிருந்து கிளப்பினார். கைதட்டலும் விசிலுமாக வயல் சாலையைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறியது. ஏறியதோடு சரி. குழாயெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்து வண்டி முனகியது, திணறியது, நின்றே விட்டது. கோயில் குளம் கண்ணுக்குக்கூடத் தெரியவில்லை. அத்தனை நாள் அடைத்த காற்று அவ்வளவு தூரத்துக்குத்தான்.

"பெருமாளண்ணே, ஐஸ் வண்டின்னு சொல்லியிருந்தா கிளாஸோட வந்திருப்போமே!" என்று ஒருத்தன் கத்தினான். சிரிப்பு கொல்லென்று எழுந்தது.

காற்றடிக்கக் கொட்டகைக்குத்தான் போக வேண்டும். எல்லாருமாகத் தள்ளினார்கள். இளையபெருமாள் தலையைக் குனிந்துகொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். பின்னால் கேட்ட ஒரு குரலுக்குச் சட்டென்று திரும்பிப் பார்த்தார். பஸ்ஸை விட்டு இறங்கிய ஞானாம்பாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளும் சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"விடுண்ணே, முதல் தடவைதானே. அடுத்த தடவை ஓடிடும்."

வண்டி நாற்றங்காலைத் தாண்டியபோது அவள் கை நின்றது. பாளம் பாளமாக வெடித்த மண். முளையெல்லாம் கருகி வைக்கோல் நிறத்தில் கிடந்தது.

"என்னம்மா, நாத்து காஞ்சு கெடக்கு?" என்றார் தள்ளிக்கொண்டிருந்த ஒருவர்.

ஞானாம்பாள் அண்ணனைப் பார்த்தாள். அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கரண்டு வரல போலருக்கு" என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு மறுபடி தள்ளினாள்.

வண்டி நின்றதற்கு ஊர் சிரித்ததைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். இந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை. அவள் திட்டியிருக்கலாம், நாலு பேர் முன்னால் மண்ணை வாரி இறைத்திருக்கலாம். வெட்கத்தில் அன்று சோறு இறங்கவில்லை.

விடிந்ததும் பக்கத்து வயல்காரர் ஜெகபர் அலியிடம் போனார். பாய் முன்னமே நாற்று விட்டவர். நடவுக்குப் போக மிச்சம் இருக்கும். அவர் வரப்பில் நின்று மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

"பாய், தங்கச்சிக்குக் கொஞ்சம் நாத்து வேணும்." செருப்பைக் கழற்றி வரப்போரம் விட்டார். "கரண்டெல்லாம் வந்துச்சு பாய். நான்தான் மோட்டாரை நிறுத்திட்டுக் காத்து புடிச்சேன். நாத்தைக் கொன்னவன் நான்தான்."

ஜெகபர் அலி மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார்.

"தெரியும் பெருமாளு. எனக்கும் அதே டிரான்ஸ்பார்மர்தானே. அந்த மூணு நாளும் என் மோட்டார் ஓடுச்சே."

இளையபெருமாள் பாயின் மோட்டார் கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

"உன் தங்கச்சி நேத்து சாயங்காலமே வந்து கேட்டுச்சு. கரண்டு வரலன்னுதான் சொல்லுச்சு. என் மோட்டார் தண்ணி கொட்டிக்கிட்டிருக்கு, அதுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொல்லுச்சு. நான் ஒண்ணும் கேக்கல. எடுத்துக்கம்மான்னுட்டேன்."

அவர் நாற்றங்காலைக் கையால் காட்டினார்.

"நாத்து பறிக்க ஆள் அனுப்புறேன்னு சொல்லிட்டுப் போச்சு. நீதான் அந்த ஆளா?"

"இல்ல பாய். தங்கச்சிக்கு நான் வந்தது தெரியாது" என்றார் இளையபெருமாள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.