நாலு மணி அழுகைக்கு ஒரு ஸ்டார்

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. மூன்றாவது மாடி சார் ஒருமுறை வேறு யாருக்கோ அனுப்ப நினைத்ததைத் தெரியாமல் குரூப்பிலேயே போட்டுவிட்டு, அவசர அவசரமாக அழித்தார். அவர் அழிப்பதற்குள் நான் படித்துவிட்டேன். ‘சோர்ஸ் மேடம்’ என்று இருந்தது. யார் எதைப் போட்டாலும் ‘சோர்ஸ் என்ன?’ என்று கேட்பது என் வழக்கம். கோபம் வரவில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மாடம்பாக்கத்தில் பதினெட்டு வீடுகள் கொண்ட அபார்ட்மென்ட் எங்களுடையது. பதினெட்டுக்கும் சேர்த்து ஒரு லிஃப்ட், ஒரு போர்வெல், ஒரு குரூப். லிஃப்டும் போர்வெல்லும் அவ்வப்போது ஓய்வெடுத்துக்கொள்ளும், குரூப் ஓய்வெடுக்காது. மழை பிடித்துவிட்டால் குரூப்பில் தினம் ஓர் ஏரி உடையும். வெயில் காலத்தில் எலுமிச்சம்பழத்தை வெந்நீரில் போட்டே எல்லா வியாதியையும் தீர்த்துவிடுவார்கள். பள்ளிக்கரணைப் பக்கம் முதலை நடமாட்டம் என்று ஒருநாள் ஒரு வீடியோ வந்தது. முதலைக்குப் பின்னால் இருந்த போர்டில் ஏதோ வெளிநாட்டு எழுத்து. நான் அந்தப் போர்டை மட்டும் பெரிதாக்கி, சிவப்பில் வட்டம் போட்டு, ‘இது பள்ளிக்கரணையில் எந்த பஸ் ஸ்டாப், சார்?’ என்று கேட்டேன். அதைப் போட்ட சார் இரண்டு நாள் என்னோடு லிஃப்டில் ஏறவில்லை.

என் பிழைப்பே அப்படி. இன்சூரன்ஸ் ஆபீஸில் க்ளெய்ம் பிரிவில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். காகிதத்தை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். யார் சொல்கிறார், சொல்வதால் அவருக்கு என்ன லாபம், நேரில் பார்த்தாரா, சம்பந்தமில்லாத இன்னொருவரும் அதையே சொல்கிறாரா. இந்த நான்கையும் கேட்காமல் நான் எதையும் ஏற்றுக்கொள்வதில்லை. வீட்டில் வெண்டைக்காய் பிஞ்சு என்று கணவர் சொன்னாலும் ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் பையை வாங்குவேன்.

கீழ்த்தளத்தில் ஓர் இளம் ஜோடி குடியிருந்தார்கள். பத்து மாதத்தில் கொழுகொழுவென்று ஒரு பையன். அந்தப் பெண்ணுக்கு ஓ.எம்.ஆர். பக்கம் சாஃப்ட்வேர் வேலை. பிரசவ லீவுக்கு மேல் இரண்டு முறை லீவை நீட்டியாகிவிட்டது. திங்கட்கிழமை வந்து சேர், இல்லையென்றால் ராஜினாமா கொடு என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு வேலைக்குப் போக வேண்டும். அதை அவள் மென்று விழுங்காமல் சொல்வாள், எனக்கு அவளைப் பிடித்ததே அதற்காகத்தான். ஊரில் இரண்டு பக்கப் பெற்றோராலும் வர முடியாத நிலை. அதனால் பையனை டே கேரில் விட வேண்டும். அவள் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். அவள் கணவன் ஒப்புக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் இருவரும் சேர்ந்து என்னைக் கூப்பிட்டார்கள். தீர்ப்புச் சொல்லத்தான். நானும் புடவையைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கினேன்.

முதலில் அவள் தன் போனை நீட்டினாள். மேப்பில் அந்த டே கேருக்கு வரிசையாக ஐந்து ஸ்டார். நான் விரலால் தள்ளிக்கொண்டே போனேன்.

“எல்லாம் ஒரே வாரத்துல போட்டிருக்காங்க பாரு. எல்லாத்துலயும் ‘சூப்பர் கேர்’, ‘சூப்பர் கேர்’. இது சொந்தக்காரங்க போட்டது. சித்தப்பா, பெரியப்பா, ஒண்ணுவிட்ட தங்கச்சி.”

“எல்லாருமேவா ஆன்ட்டி?”

“முக்கால்வாசி.”

அவள் முகம் சுருங்கியது. அவன் இப்போது தன் போனை நீட்டினான். ஒரே ஒரு மதிப்புரையின் ஸ்க்ரீன்ஷாட், ஒரு ஸ்டார். அவன் போனைத் தமிழில் வைத்திருப்பவன். ‘தினமும் மாலை நான்கு மணிக்கு குழந்தைகள் மிகவும் அழுகின்றன. அவர்களை யாரும் கவனிப்பது இல்லை. இது இதயத்தை உடைக்கும். பெற்றோர்கள் தயவுசெய்து இரண்டு முறை யோசிக்கவும்’ என்று இருந்தது. யார் எழுதியது என்ற பகுதி ஸ்க்ரீன்ஷாட்டில் இல்லை.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். “இது நம்பற மாதிரி இருக்கு” என்றேன். “நேரம் சொல்லியிருக்காங்க. பொய் சொல்றவங்க நாலு மணின்னு குறிப்பா சொல்ல மாட்டாங்க. தமிழ் கொஞ்சம் கோணலா இருக்கு, அதனால படிச்சுக் கரைச்சுக் குடிச்சவங்க இல்ல. அங்கே வேலை பார்த்த ஆயாவா இருக்கலாம். இதைப் போட்டு அவங்களுக்கு என்ன கிடைக்கப் போகுது?”

அவன் முகத்தில் வெற்றி. அவள், “எந்தத் தெருன்னு தெரியுமா ஆன்ட்டி?” என்று கேட்டாள். தெருவைச் சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த வீடு வாங்குவதற்கு முன் நாங்கள் வாடகைக்கு இருந்தது அந்தத் தெருவில்தான். அதுவும் அந்த டே கேரை ஒட்டின வீட்டில்.

“ஓ, அந்த இடமா? சுவருக்கு அந்தப் பக்கம் நான்தான் இருந்தேன். நாலு மணிக்கு அழுகைச் சத்தம் கேக்கும். நானே கேட்டிருக்கேன்.”

அவ்வளவுதான். சம்பந்தமில்லாத இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள். இதற்கு மேல் யார் வாதாட முடியும்? அவள் பையனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, “சரி. மெயில் டைப் பண்ணிடறேன். நாளைக்கு சாயந்திரத்துக்குள்ள அனுப்பணும்” என்றாள். குரலில் அழுகை இல்லை. எனக்கு மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் குழந்தை விஷயம், உண்மை உண்மைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேலே வந்தேன்.

மறுநாள் காலை காபியோடு பால்கனியில் உட்கார்ந்தேன். ஆபீஸ் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு வேறு டே கேர் ஏதாவது தேடித் தரலாம் என்று மேப்பைத் திறந்தேன். முதலில் அந்தத் தெருவையே தேடினேன், நல்ல டே கேர் எதுவும் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க. அந்த இடத்தைத் தொட்டதும் பக்கம் திறந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, தனிக் கட்டத்தில், என் முகம். மகாபலிபுரத்தில் எடுத்த போட்டோ, கூலிங் கிளாஸ் வேறு. பக்கத்தில் ‘உங்கள் மதிப்புரை’ என்று எழுதியிருந்தது. ஒரு ஸ்டார். நல்ல, சுத்தமான, நான்கு வரி ஆங்கிலம். நாலு மணி, அழுகை, யாரும் கவனிப்பதில்லை, இரண்டு முறை யோசியுங்கள். ஆறு வருடத்துக்கு முந்தியது.

காபி ஆறிப்போனது. அவன் போன் அந்த ஆங்கிலத்தைத் தானாகவே தமிழாக்கிக் காட்டியிருக்கிறது. நான் என்னையே படிப்பறிவில்லாத ஆயாவாக நினைத்து நற்சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். இரண்டு சாட்சி என்று அந்தப் பெண் நம்பியது ஒரே ஆள். சோர்ஸ் என்ன என்று ஊரையே கேட்டவள், பெயரில்லாத ஒரு ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்து அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. காரணமும் எனக்குத் தெரிந்தது. அது எனக்குப் பிடித்ததைச் சொன்னது.

ஆறு வருடத்துக்கு முன் என்ன நடந்தது என்பதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. என் பெண் அப்போது ப்ளஸ் டூ. ப்ளஸ் டூ இருக்கும் வீடு எப்படியிருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேபிளை வெட்டியாகிவிட்டது. உறவினருக்குத் தடை. குக்கர் விசில் கூட அளந்துதான் அடித்தது. நான் இரண்டு மாதம் லீவு போட்டுவிட்டு அவள் அறை வாசலில் காவல் இருந்தேன். தினமும் நாலு மணிக்கு, அவள் கணக்குப் போட உட்காரும் நேரத்துக்குச் சரியாக, சுவருக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுக் குழந்தைகள் ஒன்றாக அழ ஆரம்பிக்கும். என் பெண் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் கோபம் உச்சி மண்டையில் ஏறியது. பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது போனை எடுத்து எழுதினேன். எனக்குச் சத்தம் தாங்கவில்லை என்று எழுதினால் யார் மதிப்பார்கள்? அதனால் குழந்தைகளுக்காக உருகுகிறவள் போல எழுதினேன்.

அந்த மதிப்புரைக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன. தொட்டால் ‘திருத்து’, ‘நீக்கு’ என்று இரண்டு வழி. நீக்கிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. விரல் ‘நீக்கு’ மேல் நிஜமாகவே நின்றது, அதை மறைப்பானேன். மூன்றாவது மாடி சாருக்கு விஷயம் தெரிந்தால் பட்டாசு வெடிப்பார் என்பதும் மனசில் ஓடியது. ஆனால் கீழே ஒருத்தி ராஜினாமா எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போனைக் கையில் பிடித்தபடியே படியிறங்கினேன். லிஃப்டுக்குக் காத்திருந்தால் மனசு மாறிவிடும் என்று பயம்.

அவள் பையனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். கணவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ப்ளஸ் டூவையும் சேர்த்துத்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவள் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தக் குழந்தைங்க எதுக்கு ஆன்ட்டி அழுதுதுங்க?”

“தெரியலம்மா.”

“யாரும் கவனிக்கலன்னு எழுதியிருக்கீங்களே. உள்ள போய்ப் பாத்தீங்களா?”

“இல்ல.”

“ஒரு தடவை கூடவா?”

இரண்டு மாதம், ஒரே ஒரு சுவர். எழுந்து போய்ப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வயதுப் பெண் ஒருத்தி முன்னால் இதற்கு முன் அப்படி வெட்கப்பட்டு நின்றதாக எனக்கு நினைவில்லை.

“மெயிலை அனுப்பிட்டியா?”

“டிராஃப்ட்ல இருக்கு. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்.” அவள் கணவனைப் பார்த்தாள். “நாலு மணிக்குப் போய்ப் பாக்கலாம். சனிக்கிழமையும் திறந்திருக்கும்.” அவன் மறுக்கவில்லை. “நீங்களும் வாங்க ஆன்ட்டி” என்றாள். அழைத்தது மாதிரி இல்லை, ஆஜராகச் சொன்னது மாதிரி இருந்தது.

மூன்றரைக்கே போய்விட்டோம். அந்த டே கேரை நடத்துகிறவள் நாற்பது வயதுக்காரி, அந்த ஊரின் பழைய குடும்பம். வீட்டின் கீழ்ப்பாதியைக் குழந்தைகளுக்கு விட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்க்க வந்திருக்கிறோம் என்று அந்தப் பெண் சொன்னதும் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டாள். குழந்தைகள் தூங்கி எழுந்து வரிசையாக உட்கார்ந்து கேழ்வரகுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தன. இரண்டு பெண்கள் வாய் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாலு மணி. கேட் கிறீச்சிட்டது. எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் தன் பெண்ணை அள்ளிக்கொண்டு போனாள். முதலில் வருகிற அம்மா அவள்தானாம். கேட் மூடியது. வந்தது தன் அம்மா இல்லை என்று மற்றதுகளுக்குப் புரிந்தது. உடனே அத்தனையும் ஒரே குரலில் அழ ஆரம்பித்தன.

எனக்குத் தெரிந்த அழுகை. ஒரு மாற்றமும் இல்லை.

டே கேர் நடத்துகிறவள் தரையில் உட்கார்ந்து இரண்டு பேரை மடியில் போட்டுக்கொண்டாள். வாய் துடைத்துவிட்ட பெண்கள் இருவரும் ஆளுக்கு இரண்டாக. “அம்மா கெளம்பிட்டாங்க. ரயிலு ஏறிட்டாங்க. பல்லாவரம் வந்துகினு கீறாங்க. குரோம்பேட்டை வந்துட்டாங்க. சானடோரியம்…” ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு அழுகை குறைந்தது. தாம்பரம் வரும்போது விக்கல் மட்டும் மிச்சம். எங்களோடு வந்திருந்த அந்தப் பெண்ணின் கணவனுடைய காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நின்றான். அவன் அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.

நான் எழுந்து டே கேர்க்காரியிடம் போனேன். “அந்த ஒரு ஸ்டார் போட்டது…” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்கா. உன் போட்டோ கீதே அதுல.” அவள் மடியில் இருந்த குழந்தைக்கு மூக்கைத் துடைத்தாள். “ரெண்டு மூணு பேரு கேட்டாண்ட வந்து, போனைப் பாத்துட்டு அப்டியே திரும்பிப் போயிருக்காங்க. கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்பால உன் பாப்பாக்குப் பரீட்சைன்னு தெரு முனை கடையில சொன்னாங்க. அதான் நாலு மணிக்கு ஜன்னலை சாத்திகினேன். வந்து சொல்லியிருந்தா மொத நாளே சாத்தியிருப்பேன் இல்ல?”

பரீட்சை வாரத்தில் சத்தம் குறைந்தது எனக்கு நினைவிருந்தது. நான் எழுதியதற்குப் பயந்து சரியாகிவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். வார்த்தை சரியாக வரவில்லை. போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து, நீக்கப் போனேன்.

“அழிக்காதீங்க ஆன்ட்டி.” அந்தப் பெண் எனக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நாலு மணிக்கு அழறாங்கன்னு போட்டிருக்கீங்க. அது உண்மை, இருக்கட்டும். வர்ற அம்மாங்களுக்குத் தெரியணும். யாரும் கவனிக்கறதில்லன்னு இருக்கு பாருங்க, அந்த வரியை எடுங்க. அது நீங்க பாக்காதது.”

இருபது வருட க்ளெய்ம் பிரிவில் நான் எழுதியதை யாரும் அப்படித் திருத்தியதில்லை. நான் அந்த வரியை எடுத்தேன். கண்ணால் பார்த்ததை எழுதினேன். ஸ்டாரையும் மாற்றினேன். அதற்குள் அவள் நாற்காலியில் உட்கார்ந்து தன் போனைத் திறந்திருந்தாள். டிராஃப்டில் இருந்த ராஜினாமாவை ஒருமுறை படித்தாள், அழித்தாள். என்னையும் கேட்கவில்லை, கணவனையும் கேட்கவில்லை.